மாற்றுச் சிறுநீரகத்தில் தழும்பு: ஊசி இல்லாமல் ஸ்கேனிலேயே தெரிந்துவிடுமா?

கடைசிப்பெஞ்சு | 4 மார்ச் 2024, காலை 9.12

கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வந்தபிறகு அங்கே பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) எவ்வளவோ குறைந்துவிட்டது. மாற்றுக் கிட்னி அதைவிட வசதியான இடத்தில், அடிவயிற்று ஓரத்தில், தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. மூச்சுக்கும் அதிகம் அசையாது. இப்படி விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபிக்கு இதைவிடத் தோதான உறுப்பு எது? 24 கிலோபாஸ்கல் வந்தால் தழும்பு அதிகம், 10 வந்தால் குறைவு. அப்புறமும் ஊசி குத்துவது பழக்கதோஷம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஒலியலை | 4 மார்ச், 11.40

இடம் வசதிதான். உறுப்புதான் வசதியில்லை.

இந்த மெஷின் அளப்பது விறைப்பை, தழும்பை அல்ல. தோலில் வைக்கும் ப்ரோபிலிருந்து போகும் ஒலித் துடிப்பு திசுவை இம்மியளவு தள்ளுகிறது. அங்கிருந்து பக்கவாட்டில் பரவும் ஷியர் அலையின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். விறைத்த திசுவில் அலை வேகமாக ஓடும். நாட்பட்ட கல்லீரல் நோயில் விறைப்புக்குப் பெரும் காரணம் நார்த்திசு, அதனால் கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. கிட்னியோ ரத்தம் கொட்டி ஓடும் உறுப்பு. ஒருவருக்கு இருக்கும் இரண்டு கிட்னியும் சேர்ந்து இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. சுற்றிலும் விரியாத உறை, கேப்ஸ்யூல். உள்ளே ரத்த அழுத்தமோ சிறுநீர் அழுத்தமோ நீர்க்கோப்போ கூடினால் அத்தனையும் விறைப்பாகவே பதிவாகும். காற்றடித்த டியூபை அமுக்கிப் பார்த்து ரப்பரின் தடிப்பைச் சொல்வது மாதிரி.

2012-ல் உயிருள்ள பன்றிகளின் கிட்னியில் இதைச் சோதித்தார்கள். தமனியை இறுக்கினால் விறைப்பு இறங்கியது. சிரையை இறுக்கினால் ஏறியது. சிறுநீர்ப் பாதையில் அழுத்தம் கூட்டினாலும் ஏறியது. இதில் ஒரு இழை நார்கூட புதிதாக உண்டாகவில்லை.

ஆக, உங்கள் 24-க்குப் பின்னால் தழும்பு இருக்கலாம். உடல் புதுக் கிட்னியை எதிர்க்கும் தீவிர நிராகரிப்பின் வீக்கம் இருக்கலாம். சிறுநீரை இறக்கும் யூரெட்டர் குழாயின் அடைப்பு, பக்கத்தில் தேங்கிய நிணநீர், நிரம்பிய சிறுநீர்ப்பை, அல்லது ப்ரோபை அழுத்திப் பிடித்த ஆளின் கை, எதுவும் இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும்: தழும்பு முற்றி ரத்த ஓட்டம் குறைந்த கிட்னி மென்மையாகவே ரீடிங் தரக்கூடும். 10 வந்ததென்று நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

ஒலியலை | 4 மார்ச், 12.05

24 எந்த அலகில், எந்த மெஷினில் என்று கேட்காமல் யாரும் அடுத்த அடி வைக்க வேண்டாம். சில மெஷின் வேகத்தை மீட்டர்/வினாடியில் தரும், சில யங் மாடுலஸைக் (விறைப்பின் ஓர் அளவு) கிலோபாஸ்கலில் தரும். வேகத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் கிலோபாஸ்கல். 2 மீட்டர்/வினாடி என்றால் 12, 2.5 என்றால் 18.75, 3 என்றால் 27. எம்ஆர்ஐயில் எலாஸ்டோகிராஃபி செய்பவர்கள் ஷியர் மாடுலஸ் என்ற வேறோர் அளவைச் சொல்வார்கள், அது இதில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே 24 எனப்படுவது அங்கே 8. இதைக் கவனிக்காமல் இரண்டு ரிப்போர்ட்டை அருகருகே வைத்தால் தழும்பு மாயமாய் மறைந்ததுபோல் இருக்கும்.

நுண்ணோக்கி | 4 மார்ச், இரவு 9.30

ஸ்கேன்காரர்களை மட்டும் அடிக்காதீர்கள். எதை வைத்து அவர்களைத் திருத்துகிறோம் என்பதையும் பார்க்கலாம்.

மாற்றுக் கிட்னி பயாப்ஸிக்கு மதிப்பெண் போடும் பான்ஃப் வகைப்பாட்டில் இடைத்திசுத் தழும்புக்கு சிஐ என்று ஒரு மதிப்பெண். கிட்னியின் வெளிப்பகுதியான கார்டெக்ஸின் பரப்பில் 5 சதவீதம் வரை 0, 6 முதல் 25 வரை 1, 26 முதல் 50 வரை 2, அதற்கு மேல் 3. நுண்குழாய் சுருங்குவதற்கு சிடி (சிடி ஸ்கேன் அல்ல) என்று தனி மதிப்பெண். இரண்டையும் சேர்த்து ஐஎஃப்டிஏ. போதுமான மாதிரி என்றால் குறைந்தது 10 குளோமெருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சு), 2 தமனி வேண்டும். 7-ம் 1-ம் இருந்தால் அரைகுறையாக ஏற்றுக்கொள்வோம்.

இப்போது அளவைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிப்பு, பதினைந்து மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒரு கோர் (ஊசியில் வரும் திசு இழை) சுமார் 12 கன மில்லிமீட்டர். இரண்டு கோர் எடுத்தால் 24. கிட்னியின் கன அளவை 200 கன சென்டிமீட்டர் என்று வைத்தால், நாம் பார்த்தது எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. தழும்போ திட்டுத்திட்டாக வருவது. கேப்ஸ்யூலுக்கு நேர் கீழே பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஊசி அந்த விளிம்பை மட்டும் உரசி வந்தால் மதிப்பெண் ஏறிவிடும். அதற்கு மேல், ஒரே சிலைடை இரண்டு பேத்தாலஜிஸ்ட் கண்ணால் மதிப்பிட்டால் 20-ம் 30-ம் சொல்வது அன்றாடம். அந்தப் பத்து சதவீதத்தில் சிஐ 1 சிஐ 2 ஆகிவிடுகிறது.

ஆகவே "ஸ்கேன் பயாப்ஸியோடு ஒத்துப்போகவில்லை" என்ற வரியைப் படித்தால் குற்றவாளி யார் என்று உடனே தீர்ப்பெழுத வேண்டாம். நாரைச் சிவப்பாக்கும் சிரியஸ் ரெட் சாயமேற்றி கம்ப்யூட்டரில் பரப்பளந்த ஆய்வுகளை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். மாதிரி சிறியது என்ற குறை அதிலும் தீராது.

கடைசிப்பெஞ்சு | 5 மார்ச், 8.15

சரி, கட்சி ஆட்டம் காண்கிறது. ஆனால் வெளியான ஆய்வுகளில் "நல்ல தொடர்பு" என்று எழுதியிருக்கிறார்களே?

ஒலியலை | 5 மார்ச், 13.20

சிலதில் உண்டு, சிலதில் இல்லை. ஓஸ்லோ குழு ஏஆர்எஃப்ஐ முறையில் (மேலே சொன்ன ஒலித்துடிப்பு வகை) பார்த்தபோது தழும்பு உள்ள கிட்னியையும் இல்லாததையும் வேகத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை. அவர்களே பிறகு ப்ரோபை எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்பதற்கேற்ப வேகம் மாறுகிறது என்றும் காட்டினார்கள். மாற்றுக் கிட்னிக்கு இது கூடுதல் வம்பு: மேலே விலாவெலும்பு இல்லை, அழுத்தினால் அப்படியே கிட்னியில் இறங்கும். அருகில் இருப்பது வரம் என்றீர்களே, அதுதான் இங்கே சாபமும்.

நல்ல தொடர்பு காட்டும் தாள்களில் நோயாளிகளின் கலவையைப் பாருங்கள். தழும்பே இல்லாதவர்களும் முற்றிய மூன்றாம் நிலையினரும் நிறைய, நடுவில் கொஞ்சம் பேர் என்றால் எந்தக் கருவியும் ஜெயிக்கும். முற்றியதை ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினினே சொல்லிவிடும். சிஐ 0-ஐயும் 1-ஐயும் பிரிக்க முடிகிறதா என்பதே கேள்வி. அந்த வரியைத் தேடினால் பெரும்பாலும் இரண்டு கூட்டத்து ரீடிங்குகளும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்கும்.

நுண்ணோக்கி | 5 மார்ச், 13.55

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினின் ஏறியதால் எடுத்த பயாப்ஸிகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வில் வீக்கம், நிராகரிப்பு எல்லாம் கலந்தே இருக்கும். அங்கே விறைப்பு ஏறினால் அது வீக்கமா நாரா என்று பிரிக்க வழியில்லை. எல்லோருக்கும் குறித்த மாதத்தில் எடுக்கும் புரோட்டகால் பயாப்ஸியோடு ஒப்பிட்டிருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

ஒலியலை | 7 மார்ச், 18.10

தனிச்செய்தியில் மூன்று பேர் செய்முறை கேட்டிருக்கிறார்கள். இங்கேயே எழுதுகிறேன்.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதலில் சாதாரண கிரே ஸ்கேல் படமும் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளரும். கிட்னிக்குள் சிறுநீர் சேரும் பெல்விஸ் விரிந்திருந்தாலோ சுற்றி நீர் தேங்கியிருந்தாலோ எலாஸ்டோகிராஃபியை அன்று விட்டுவிடுங்கள். வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. மல்லாந்து படுக்கை, ஐந்து பத்து நிமிடம் ஓய்வு, ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெல் தாராளமாக. ப்ரோபின் எடையைக் கையில் தாங்குங்கள். திரையில் தோலுக்கும் கிட்னிக்கும் இடையே ஜெல்லின் கறுப்புக் கோடு மெல்லியதாகத் தெரிந்தால் அழுத்தவில்லை என்று பொருள். அது மறைந்தால் கையைத் தளர்த்துங்கள்.

அளக்கும் பெட்டியைக் கார்டெக்ஸுக்குள் மட்டும் வையுங்கள், கேப்ஸ்யூலைத் தொடாமல், உட்பகுதியான மெடுல்லாவுக்குள் இறங்காமல். இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். ஏஆர்எஃப்ஐ பெட்டி சுமார் 10-க்கு 5 மில்லிமீட்டர். தழும்பேறி மெலிந்த கார்டெக்ஸ் அந்த அளவுக்கே இருக்காது. மெலிந்த கார்டெக்ஸை அளக்கிறேன் என்று பாதி மெடுல்லாவை அளந்துவிடுவோம். நமக்கு மிகவும் தேவைப்படும் நோயாளியிடமே கருவி நொண்டுகிறது.

கோணமும் முக்கியம். நுண்குழாய்களும் நேரான நுண்ரத்தக்குழாய்களும் மெடுல்லாவின் பிரமிடு வடிவத் துண்டின் அச்சில் வரிசையாக ஓடுகின்றன. ஷியர் அலை அவற்றின் வழியே போனால் வேகம் கூடும், குறுக்கே போனால் குறையும். ஒலிக்கற்றை பிரமிடின் அச்சோடு இணையாக இருக்கும்படி, நடுப்பகுதியில் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்த முறையும் அங்கேயே அளக்க வேண்டும். ஒரு தடவை மேல் முனை, மறு தடவை நடுப்பகுதி என்றால் கோணத்தை அளந்திருப்பீர்கள், நோயை அல்ல.

பத்து ரீடிங், அவற்றின் நடு எண்ணான மீடியன். ஐக்யூஆரை (நடுப்பாதி ரீடிங்குகளின் பரவல்) மீடியனால் வகுத்தால் கிலோபாஸ்கலில் 30 சதவீதத்துக்குள், மீட்டர்/வினாடியில் 15 சதவீதத்துக்குள். இந்த வரம்பு கல்லீரலிலிருந்து கடன் வாங்கியது; கிட்னிக்கென்று இதைவிட நல்லதாக ஒன்றும் கையில் இல்லை. இரண்டும் வேறு வேறு கண்டிப்பு இல்லை, வர்க்கம் எடுக்கும்போது பரவல் இரட்டிப்பாகிறது, அவ்வளவே.

கடைசிப்பெஞ்சு | 8 மார்ச், 7.50

எலாஸ்டோகிராஃபி இல்லாத ஊரில் டாப்ளர் ஆர்ஐ பார்க்கிறார்கள். 0.82 என்றால் தழும்பா?

ஒலியலை | 8 மார்ச், 8.30

ரத்தத்தின் உச்ச வேகத்திலிருந்து, இதயம் தளரும் டயஸ்டோலின் கடைசி வேகத்தைக் கழித்து உச்ச வேகத்தால் வகுத்தது ஆர்ஐ. 2003-ல் ஒரு பெரிய ஜெர்மன் ஆய்வு, 0.80-க்கு மேல் போனவர்களின் கிட்னி சீக்கிரம் பழுதாகிறது என்றது. எல்லா ரிப்போர்ட்டிலும் அந்த எண் ஏறி உட்கார்ந்தது. 2013-ல் பெல்ஜியத்தின் லூவெனில், புரோட்டகால் பயாப்ஸியோடு சேர்த்துப் பார்த்தார்கள். உயர்ந்த ஆர்ஐ நோயாளியின் இறப்போடு சேர்ந்து வந்தது. கிட்னியின் பழுதோடு அல்ல. வயதும் பெருந்தமனியின் விறைப்பும் அந்த எண்ணைத் தூக்குகின்றன. 65 வயதுக்காரருக்கு 0.82 என்றால் அவர் ரத்தக்குழாயின் வயதைச் சொல்கிறது. தழும்புக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

காந்தம் | 11 மார்ச், 22.15

அல்ட்ராசவுண்ட் சபையில் எம்ஆர்ஐக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். கான்ட்ராஸ்ட் ஊசி என்று பயப்படுபவர்களுக்கு முதலிலேயே: கீழே சொல்லும் எதற்கும் கடோலினியம் தேவையில்லை.

இப்போதைக்கு எனக்கு அதிக நம்பிக்கை டிஃப்யூஷனில். நீர் மூலக்கூறு எவ்வளவு தாராளமாக உலவுகிறது என்பதை ஏடிசி என்ற எண் சொல்லும். தழும்பு கூடினால் கார்டெக்ஸின் ஏடிசி இறங்குகிறது. ஆனால் தனி ஏடிசியை நம்பினால் எலாஸ்டோகிராஃபி கதையே திரும்பும். ஸ்கேனர், படமெடுக்க வைக்கும் பி மதிப்புகள், உடலின் நீர்ச்சத்து எல்லாம் அதை ஆட்டிவைக்கும். ஜெனீவா குழு செய்த நல்ல காரியம், கார்டெக்ஸ் ஏடிசியிலிருந்து மெடுல்லா ஏடிசியைக் கழித்தது. அதற்கு டெல்டா ஏடிசி என்று பெயர். ஒரே ஆள், ஒரே ஸ்கேன், ஒரே நிமிடம். பொதுவான பிழை பெரும்பகுதி கழித்தலில் அடிபட்டுப்போகும். நல்ல கிட்னியில் கார்டெக்ஸ் மேலே இருக்கும், டெல்டா நேர்மறை. தழும்பேற ஏற பூஜ்யத்தைத் தாண்டி எதிர்மறைக்குப் போகிறது. 2016-ல் திசுவோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2022-ல் டெல்டா எதிர்மறையாக இருந்தவர்களின் கிட்னி வேகமாகச் சரிகிறது என்றும், மாற்றுக் கிட்னி உள்ளவர்களையும் சேர்த்து, காட்டினார்கள்.

என்ன கெடும்? வேகமாக எடுக்கும் சாதாரண எக்கோ பிளானர் படம் குடல் வாயுவின் பக்கத்தில் நெளிந்துவிடும். மாற்றுக் கிட்னி பெருங்குடலின் சீக்கத்தையோ சிக்மாய்டையோ ஒட்டி இருப்பதால் இது தவிர்க்க முடியாத தொல்லை. பழைய உலோகக் கிளிப், இடுப்பு மூட்டு இருந்தால் இன்னும் மோசம். ஜெனீவாவில் சிக்னலைப் படிக்கும் ரீட்அவுட்டைத் துண்டுதுண்டாக எடுக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். நேரம் கூடும், நெளிவு குறையும். படத்தைக் கிட்னியின் நீள அச்சுக்கு ஏற்பச் சாய்த்த கொரோனலில் எடுங்கள், கார்டெக்ஸும் மெடுல்லாவும் தெளிவாகப் பிரியும். பி மதிப்பு 0-விலிருந்தே கோடு போட்டால் ரத்த ஓட்டம் ஏடிசிக்குள் புகுந்துவிடும். 200-க்குக் கீழே உள்ளதைத் தனியாக வையுங்கள், மேலே 800, 900 வரை போகலாம்.

பெரிய சிக்கல் அளக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதில். தழும்பு முற்றினால் கார்டெக்ஸுக்கும் மெடுல்லாவுக்கும் எல்லை மங்கிவிடும். எல்லை தெரியாத இடத்தில் கழித்தல் கணக்கு என்ன செய்யும்? டிஃப்யூஷன் படத்தைப் பார்த்து வட்டம் போடாதீர்கள். டி1 மேப் என்ற வேறொரு எம்ஆர்ஐ படத்தில் எல்லையைப் பிடித்து, அதை இங்கே நகலெடுங்கள். ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடம்.

நுண்ணோக்கி | 12 மார்ச், 7.05

ஒரு சந்தேகம். நாரின் புரதமான கொலாஜனோடு ஒட்டிய நீரின் சிக்னல் உங்கள் எக்கோ நேரத்துக்குள் (சிக்னலைப் படிக்கும்வரை ஆகும் நேரம்) செத்துவிடும். அப்புறம் எதைப் பார்த்து நாரைக் கண்டேன் என்கிறீர்கள்?

காந்தம் | 12 மார்ச், 21.40

நாரை நேரடியாகப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நுண்குழாய் சுருங்கி அதற்குள் ஓடும் திரவம் குறைவது, நுண்ரத்தக்குழாய் அழிவது, இடையில் செல்கள் குவிவது எல்லாம் சேர்ந்து ஏடிசியை இறக்குகின்றன. அந்த வகையில் சிஐயைவிட சிடிக்கு இது நெருக்கமான உறவு. ஆனால் புதிதாகச் செல்கள் வந்து குவிந்த நிராகரிப்பிலும் ஏடிசி இறங்கும்.

காந்தம் | 12 மார்ச், 22.30

மற்ற எம்ஆர்ஐ முறைகளை வேகமாக. டி1: தழும்பிலும் ஏறும், வீக்கத்திலும் ஏறும், எல்லை பிடிக்க உதவும், தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. போல்ட்: ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினைப் பார்க்கிறது. இரண்டு டம்ளர் தண்ணீருக்கும் சிறுநீரைக் கூட்டும் ஒரு ஃபுரோஸமைடு மாத்திரைக்கும் எண் மாறும். ஏஎஸ்எல்: கார்டெக்ஸ் ரத்த ஓட்டத்தை அளக்க அழகான முறை, சிக்னல் பலவீனம். எம்ஆர் எலாஸ்டோகிராஃபி: பெர்லினில் பல அதிர்வெண்ணில் செய்து பார்த்தபோது வேலை குறைந்த மாற்றுக் கிட்னிகள் நல்லவற்றைவிட மென்மையாக இருந்தன. ஒலியலை முதல் நாளே சொன்ன அதே விஷயம், ரத்தம் குறைந்தால் விறைப்பும் குறையும்.

ஐரோப்பாவில் பாரென்கைமா என்ற கூட்டுமுயற்சி 2020-ல் கிட்னி எம்ஆர்ஐக்கு முறைவாரியாகத் தொழில்நுட்பப் பரிந்துரைகள் வெளியிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள், யூடியூபிலிருந்து அல்ல.

நெஃப்ரான் | 15 மார்ச், 6.20

இவ்வளவு பேசியும் எங்கள் தரப்பை யாரும் கேட்கவில்லை. கிரியாட்டினின் ஏறியவருக்கு நாங்கள் ஊசி போடுவது தழும்பின் சதவீதம் தெரிந்துகொள்ள அல்ல. ஏற்பட்ட தழும்புக்கு எங்களிடம் மருந்தில்லை. தேடுவது மருந்துள்ளதை: டி செல் நிராகரிப்பு, ஆன்டிபாடி நிராகரிப்பு, பிகே வைரஸ், நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸின் நச்சு, திரும்பி வந்த பழைய நோய். இதில் ஒன்றை நிராகரிப்பு என்று எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், மற்றொன்றை வைரஸ் என்று குறைக்க வேண்டும். நேரெதிர் வைத்தியம். ஆன்டிபாடி நிராகரிப்பைக் காட்டும் சி4டி சாயத்தைக் கிலோபாஸ்கலில் பார்க்க முடியாது.

ஸ்கேனுக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாம் சீராக இருப்பவரை வருடா வருடம் கவனிப்பதில். ரத்தம் உறையாத மருந்தை நிறுத்த முடியாதவரிடத்தில். தழும்பு கூடுவதைத் தடுக்கும் புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில். இந்த மூன்றிலும் "எவ்வளவு" என்பதைவிட "மாறியதா" என்பதே கேள்வி.

ஒலியலை | 15 மார்ச், 19.45

நெஃப்ரான் சொன்ன "மாறியதா"வுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நிலையாக இருக்கும் இருபது பேரை ஒரே வாரத்தில் இரண்டு முறை அளந்து, ஒரே ஆளுக்குள் வரும் ஸ்டாண்டர்ட் டீவியேஷனை எடுங்கள். அதை 2.77-ஆல் பெருக்குங்கள். டீவியேஷன் 2 கிலோபாஸ்கல் என்றால் 5.5-க்குக் குறைந்த எந்த ஏற்றமும் சத்தம்தான். இதை உங்கள் மெஷினில், உங்கள் ஆட்களைக் கொண்டு செய்ய வேண்டும். வேறு ஊர் எண்ணைக் கடன் வாங்க முடியாது.

அடிப்படை ரீடிங்கை ஆபரேஷன் முடிந்த மறுவாரம் எடுக்காதீர்கள். ரத்தமின்றி இருந்ததால் வந்த இஸ்கீமியா வீக்கம் அடங்கி, யூரெட்டரில் வைத்த ஸ்டென்ட் எடுத்து, கிரியாட்டினின் நிலைத்தபின், மூன்றாம் மாதத்துக்கு மேல் எடுங்கள். மெஷினை மாற்றினால் அடிப்படையும் புதிது.

கடைசிப்பெஞ்சு | 2 ஏப்ரல், 9.00

புதிதாக எதுவும் வரவில்லையா? கொலாஜனையே ஒளிரவைக்கும் ஏதாவது?

காந்தம் | 2 ஏப்ரல், 23.10

வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. டைப் 1 கொலாஜனில் ஒட்டும் எம்ஆர் ப்ரோப்கள் பெரும்பாலும் எலிகளோடே நிற்கின்றன. நார் உண்டாக்கும் செல்களில் ஒட்டும் காலியம்-68 எஃப்ஏபிஐ என்ற கதிரியக்க மருந்தை வைத்து எடுக்கும் பெட் ஸ்கேன் மனிதர்களிடம் வந்துவிட்டது. ஆனால் மருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதால் பெல்விஸ் பளிச்சென்று எரியும், பக்கத்தில் மெலிந்த கார்டெக்ஸைப் படிக்க நேரம் பார்த்து எடுக்க வேண்டும். தவிர அது தழும்பை அல்ல, தழும்பு போட்டுக்கொண்டிருக்கும் கைகளைக் காட்டுகிறது. ஒருவேளை அதுதான் நல்லதோ என்னவோ.

டொராண்டோவில் ஃபோட்டோஅகூஸ்டிக் முறையை 2020-ல் வெளியிட்டார்கள். லேசர் அடித்து ஒலியைக் கேட்பது. கொலாஜனின் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஒளி சில சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது, ஆகவே பொருத்தியபின் கஷ்டம். ஆனால் அவர்கள் நோக்கம் பொருத்தும் முன்பே, டோனர் கிட்னி வெளியில் இருக்கும்போது பார்ப்பது. அப்போது நடுவில் தோலும் கொழுப்பும் கிடையாது.

நெஃப்ரான் | 3 ஏப்ரல், 6.45

அது எனக்குப் பிடித்திருக்கிறது. இறந்த டோனரின் கிட்னியில் அவசரமாக உறையவைத்து வெட்டிப் பார்க்கும் ஃபுரோஸன் செக்ஷன் எத்தனை தொல்லை என்று நுண்ணோக்கியைக் கேளுங்கள்.

நுண்ணோக்கி | 3 ஏப்ரல், 7.10

நடு ராத்திரி, ஐஸ் படிகம் நிறைந்த சிலைடு, எல்லாமே நார்மாதிரி தெரியும். கேப்ஸ்யூலுக்குக் கீழே சீவி எடுத்த வெட்ஜ் என்றால் நான் முதல் நாள் சொன்ன விளிம்புத் தழும்பும் சேர்ந்துகொள்ளும். அந்த எண்ணைப் பார்த்து நல்ல கிட்னியைத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. லேசரோ எதுவோ வரட்டும்.

கடைசிப்பெஞ்சு | 3 ஏப்ரல், 9.30

கடைசியாக ஒன்று. அடிப்படை ரீடிங்கிலிருந்து ஸ்கேன் மாறவே இல்லை, கிரியாட்டினின் மட்டும் 30 சதவீதம் ஏறிவிட்டது. காத்திருக்கலாமா?

நெஃப்ரான் | 3 ஏப்ரல், 12.40

கூடாது. அடைப்பும் மருந்து அளவும் பார்த்து, டோனர் எதிர்ப்பு ஆன்டிபாடிக்கும் பிகே வைரஸுக்கும் ரத்தம் அனுப்பிவிட்டு, ஊசிக்குத் தயாராகுங்கள். மாறாத ஸ்கேன் எதையும் விலக்காது.

ஒலியலை | 3 ஏப்ரல், 13.15

அந்த ஊசிக்குப் போகும்போது: ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே. ரத்தக்குழாய் நுழையும் ஹைலத்திலிருந்து தள்ளியிருக்கும் முனையைத் தேர்ந்தெடுங்கள். ஊசியைக் கிட்னியின் மையம் நோக்கிக் குத்தாமல் விளிம்பையொட்டிச் சாய்வாக, கார்டெக்ஸுக்குள்ளேயே ஓடும்படி விடுங்கள். 16 கேஜ் ஊசி, இரண்டு கோர். எந்த முனை, எவ்வளவு ஆழம் என்று ரிக்வஸ்டில் எழுதி நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள். எடுத்தபின் டாப்ளரில் ஏவி ஃபிஸ்டுலா (தமனியும் சிரையும் நேராகச் சேர்ந்துவிட்ட வழி) இருக்கிறதா என்று பாருங்கள்.

நுண்ணோக்கி | 3 ஏப்ரல், 13.20

கோரை உப்புநீரில் நனைத்த காஸில் வையுங்கள், டிஷ்யூ பேப்பரில் வேண்டாம். மூன்றாகப் பிரித்து அனுப்ப வேண்டும்: பாதியாவது ஃபார்மலினில், இம்யூனோஃப்ளூரசன்ஸுக்கு உறைநிலையில் ஒரு துண்டு, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குக் குளுட்டரால்டிஹைடில் ஒரு மில்லிமீட்டர் துண்டு.